வீட்டிலேயே எடுத்த மக்காச்சோள விதை: பல பட்டம் போட்டுப் பார்த்த அனுபவம்

காரைக்குடிப் பக்கம் தோட்டத்தில் நாட்டு மக்காச்சோளம் போடலாமா, விதையையும் நாமே எடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், விதையும் எடுக்கலாம். ஆனால் அந்த விதையை ஒரே வீட்டுக்குள் சுற்றவிட்டால் சில பட்டத்தில், அதாவது சில விதைப்புப் பருவத்தில், அது நொந்துபோகும்.

என்னிடம் இருப்பது பொரி பொரிக்கிற சிவப்பு ரகம். விதைப் பரிமாற்றத்தில் ஒரு கைப்பிடி கிடைத்தது. பின்கட்டைத் தாண்டி இருக்கும் சரளைச் செம்மண் தோட்டத்தில் நாலு வரிசைக்குத்தான் இடம். முதல் பட்டத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது, கதிர் நுனி வரை மணி பிடித்தது. பொரியும் நன்றாக வந்தது. இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி, இருப்பதிலேயே நல்ல கதிரை எடுத்து உரியில் தொங்கவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதைத்தோம்.

தளர்ச்சி ஒரேயடியாகத் தெரியவில்லை. முதலில் உயரம் குறைந்தது, அப்புறம் கதிர் சிறுத்தது. ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டி முடித்த பிறகுதான் கதிரில் பட்டு நூல் நீண்டது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு நூல். அந்த நூலில் மகரந்தம் விழாவிட்டால் அந்த இடம் பொக்கைதான். நாற்றில் சில வெள்ளை வெளேரென்று முளைத்தன. பச்சையமே இல்லாத பிள்ளைகள். விதைக்குள் இருந்த உணவு தீரும் வரை நின்றன, பிறகு சுருண்டுவிட்டன.

மண் செத்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழுவின் வேலை என்றார் இன்னொருவர். அந்தப் புழு குருத்தைத் தின்னும், ஓட்டை போடும், எச்சம் கிடக்கும்; வெள்ளை நாற்றை அது உண்டாக்காது. மண்ணைச் சோதிக்க அதே பாத்தியில் வெளியிலிருந்து வாங்கிய விதையையும் பக்கத்தில் போட்டேன். அது ஜம்மென்று வந்தது. அப்போது மண்ணில் கோளாறில்லை.

அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, “ஏப்பா, ஒரே கோயிலுக்குள்ளயே கொண்டான் கொடுத்தான் வச்சுக்கிட்டியா இதுக்கு?” என்றார். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் சமூகத்தில் ஒன்பது கோயில் பிரிவு உண்டு. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், அவர்களுக்குள் சம்பந்தம் கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர் மாதிரிப் பெரிய கோயில்களில் மட்டும் உட்பிரிவு பார்த்துச் செய்வார்கள். என் நாலு வரிசையில் நடந்தது பங்காளிக் கல்யாணம்தான்.

மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பறக்கிற செடி. பெரும்பாலும் அடுத்த செடியோடுதான் சேரும். ஆனால் அந்த அடுத்த செடியும் அதே கதிரிலிருந்து வந்ததென்றால்? தாய் ஒன்று, தகப்பன் வேறு என்ற பிள்ளைகள் தங்களுக்குள் சேர்ந்தால் உட்கலப்பு, அதாவது ஒரே மரபணு இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, எட்டில் ஒரு பங்கு. தாயும் தகப்பனும் ஒன்றென்றால் நாலில் ஒன்று. தன் மகரந்தமே தனக்கு என்றால் பாதி. பட்டத்துக்குப் பட்டம் இது ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு செடியிலும் ஒளிந்திருக்கும் பழுதான மரபணுக்களை நல்ல ஜோடி மறைத்து வைத்திருக்கும். ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால் வெளியே தெரிந்துவிடும். வெள்ளை நாற்று அப்படி வந்ததுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தன் மகரந்தத்தில் உண்டான மக்காச்சோளம் குட்டையாவதை டார்வின் 1876இலேயே எழுதினார். 1908இல் அமெரிக்கத் தாவர ஆய்வாளர் ஜார்ஜ் ஷல் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்: தனித்தனியே நொந்துபோன இரண்டு வம்சங்களைக் கலந்தால் அடுத்த தலைமுறை உடனே துள்ளி எழுகிறது. இன்றைய வீரிய ரக விதைக் கம்பெனிகளின் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

எல்லாச் செடிக்கும் இந்தக் கதி இல்லை. தக்காளி பெரும்பாலும் தானே தன்னோடு சேர்கிற செடி, ஒரே பழத்து விதையை வருஷக்கணக்கில் எடுத்தாலும் கவலையில்லை. சுரை, பூசணியும் ஓரளவு தாங்கும். கம்பு தாங்காது. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக வரும், நாருக்கு வளர்க்கும் கஞ்சா வகையிலும், இருக்கிற ஒரே ஆண் செடியை வைத்து வம்சத்தை ஓட்டினால் இதே சுருக்கம்தான். கணக்குப்படி ஒரு ஆணும் பத்துப் பெண்ணும் இருந்தால் அது நாலு செடிக்கும் குறைவான கூட்டத்துக்குச் சமம். ஒற்றைச் சேவலை வைத்துக் கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே கணக்கு.

எனக்குக் கைகொடுத்தது புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர். அதே சிவப்பு ரகத்தை அவர் தனியாக வைத்திருந்தார், அதுவும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. இரண்டையும் வரிசை மாற்றி நட்டு, என் வரிசையின் ஆண் பூவை மகரந்தம் கொட்டும் முன்பே கிள்ளிவிட்டேன். அந்தப் பட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. என் வரிசைக் கதிரில் எடுத்த விதையைப் போட்டபோதுதான் பழைய உயரம் திரும்பியது, பொக்கையும் வெகுவாகக் குறைந்தது.

இப்போது மூன்று வீடுகள் சேர்ந்து வைத்திருக்கிறோம். ஒற்றை அழகுக் கதிரை யாரும் எடுப்பதில்லை. கிடைக்கிற எல்லா நல்ல கதிரிலிருந்தும் கொஞ்சம் உதிர்த்துக் கலந்து, அதை மூன்று வீட்டுக்கும் மாற்றிக்கொள்கிறோம். நூறு, இருநூறு செடி இருந்தால் உத்தமம் என்பார்கள், எங்கள் இடத்துக்கு மூன்று வீடு சேர்ந்தும் அது எட்டவில்லை. அதனால் சில பட்டத்துக்கு ஒருமுறை வெளி விதையும் கொஞ்சம் சேர்க்கிறோம். பக்கத்து வயலில் வீரிய ரகம் பூக்கும் சமயத்தில் எங்கள் செடியும் பூத்து அதன் மகரந்தம் கலந்துவிடாதபடி நாள் பார்த்து விதைக்கிறோம். விதை கேட்டு வருகிறவர்கள் முழுக் கதிராகக் கேட்காமல், கலந்த கைப்பிடியாக வாங்கிப் போங்கள்.