கம்பத்திலிருந்து குமுளிக்கு வயர்கார்டு: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கம்பத்தில் எங்கள் ஏலக்காய்க் கடையும், மலைக்கு மேலே குமுளியில் குடோனும் இருக்கின்றன. போடியிலும் புத்தடியிலும் மின்னேலம் முடிந்த கையோடு இரண்டு இடத்திலும் ஒரே இருப்புக் கணக்கு தெரிய வேண்டும் என்பதால், மூன்று ஆண்டுகளாக வயர்கார்டு விபிஎன் (இரண்டு இடங்களை இணையத்தின் வழியே குறியாக்கம் செய்த தனிப்பாதையால் இணைக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன்.

குடோனில் இருப்பது ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. அதன் சிப்பில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான வன்பொருள் வசதி கிடையாது. முன்பு ஏஇஎஸ் முறையில் ஓபன்விபிஎன் என்ற வேறொரு விபிஎன்னை ஓட்டியபோது அது திணறியது. வயர்கார்டின் சாச்சா20 என்ற குறியாக்க முறை மென்பொருளிலேயே வேகமாக இயங்குகிறது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் வயர்கார்டு கெர்னல் எனப்படும் இயங்குதள மையத்துக்குள்ளேயே இருப்பதும் வேகத்துக்குக் காரணம். வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் 2017-இல் என்டிஎஸ்எஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் முன்வைத்த கட்டுரையின்படி நிரல் 4,000 வரிக்கும் குறைவு. தணிக்கை செய்ய இயலும் அளவு என்பதே நான் இதை நம்பியதற்கு முதற்காரணம்.

லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது கைபேசி கேரள டவருக்கு மாறினாலும் இணைப்பு அறுவதில்லை. எதிர்முனையை ஐபி முகவரியால் அல்லாமல் பொதுச் சாவியால் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய, வெளியே பகிரக்கூடிய குறியீடு) வயர்கார்டு அடையாளம் காண்கிறது.

ஒரே ஒரு கோளாறு என்னைப் பல நாள் அலைக்கழித்தது. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய் வந்தால், "அண்ணே, லைன் இருக்கு, யூடியூப் ஓடுது, கணக்கு மட்டும் திறக்கல" என்று குடோனிலிருந்து தம்பி அழைப்பான். பார்த்தால், அனுப்பிய பைட் கூடிக்கொண்டே போகும், பெற்றது சுழியத்தில் நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். ரவுட்டரை மாற்றினேன், சிம்மை மாற்றினேன், பயனில்லை.

காரணம் கடிகாரம். ராஸ்பெரி பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் இல்லாததால், மின்தடைக்குப் பின் அது கடைசியாகச் சேமித்த பழைய நேரத்திலிருந்து தொடங்குகிறது. இணைப்பைத் தொடங்க வயர்கார்டு அனுப்பும் முதற்செய்தியில் நேரமுத்திரை உண்டு; பதிவுசெய்த பழைய செய்தியை எவரும் திரும்ப அனுப்பி ஏமாற்றாதிருக்க, முன்பு ஏற்றதைவிடப் பிந்திய முத்திரையை மட்டுமே எதிர்முனை ஏற்கும். நானோ பை அனுப்பும் போக்குவரத்து முழுவதையும், இணையத்திடம் சரியான நேரம் கேட்கும் என்டிபி உட்பட, விபிஎன்னுக்குள் திருப்பிவிட்டிருந்தேன். நேரம் சரியாக இணைப்பு வேண்டும், இணைப்பு கிடைக்க நேரம் சரியாக வேண்டும். பையின் கடிகாரம் ஓடி, முன்பு ஏற்ற முத்திரையைத் தாண்டும் வரைதான் அந்த முக்கால் மணி நேரக் காத்திருப்பு. டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகாரப் பலகை ஒன்றைப் பொருத்தி, என்டிபியை விபிஎன்னுக்கு வெளியே விட்ட பிறகு இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அந்த அழைப்பு வரவில்லை.

குறை என்றால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் எல்லாம் சாவிகளே என்பதால், ஆள் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் கைபேசியின் சாவியைச் சர்வரிலிருந்து நானே கையால் நீக்க வேண்டியிருக்கிறது. அதற்கென ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.