பழைய பொப் கசற்றுகளைப் பென்ட்ரைவில் ஏற்றித் தரும் கிளிநொச்சிக் கடை

அம்மாவின் நான்கு கசற்றுகளைக் கொடுத்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பென்ட்ரைவாக வாங்கி வந்தேன். வேலை வடிவாகச் செய்திருக்கிறார்கள், ஒரு விடயத்தைத் தவிர. அந்த ஒரு விடயம் எங்கள் வீட்டில் பெரிய விடயம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடை கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்பக்கம் மின்விசிறியும் அயன்பொக்ஸும் திருத்துகிறார்கள், உள்ளே சின்ன அறையில் பழைய கசற் டெக் ஒன்றும் கணினியும். கசற் வேலை செய்கிற அண்ணை பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் வருவார், காலையில் போனால் சும்மா திரும்பவேண்டும். நான் வட்டக்கச்சியிலிருந்து பஸ்ஸில் போய் முதல் நாள் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

கசற்றுகளின் கதையைச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. நான்கிலும் எழுபதுகளின் இலங்கைப் பொப் பாட்டுகள். கொழும்பில் வேலை பார்த்த மாமா எண்பதுகளின் தொடக்கத்தில் ரேடியோவிலிருந்தும் இசைத்தட்டிலிருந்தும் பதிந்து கொண்டுவந்தவை. 2003இல் போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் வீட்டுக்கு வந்த சின்னம்மா, கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று நான்கையும் வவுனியாவுக்குக் கொண்டுபோனார், பல வருடமாகத் திருப்பித் தரவே இல்லை. அம்மாவுக்கு அப்போது நல்ல கோபம். எங்களிடம் இருந்த மற்றக் கசற்றுகள், படங்கள், வீட்டுக் கூரை எல்லாம் 2009இல் போரோடு போய்விட்டன, சின்னம்மா தராமல் வைத்திருந்த நான்கும் மட்டும் மிஞ்சின.

அதற்கும் முதல், தொண்ணூறுகளில், இந்தப் பாட்டுகளை நாங்கள் கேட்டது சைக்கிள் டைனமோவில். பொருளாதாரத் தடை, மின்சாரமும் இல்லை, பற்றரியும் வராது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவிலிருந்து வயர் எடுத்துக் கசற் போடும் ரேடியோவுக்குக் கொடுப்பார், நாங்கள் பிள்ளைகள் முறை வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். கை அலுத்தால் பாட்டு இழுபடும், பாடுகிறவர் கிழவராகிவிடுவார், அம்மா அடுப்படியிலிருந்து “சுத்துங்கோடா” என்று கூப்பிடுவார், திரும்ப இளைஞராகிவிடுவார். எனக்குப் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் குரல் என்றால் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் மனதில் நின்றது.

சரி, வேலை. முதலில் அண்ணை நான்கு கசற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டில் பூஞ்சணம், ஒன்றில் ரேப்பை, டெக்கில் சத்தத்தை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழுந்திருந்தது. அதை ஒட்டாமல் அப்படியே போட்டால் சத்தம் மங்கிப் போகும், ஒரு பக்கம் கேட்காது. அவர் வேறு ஒரு வெற்றுக் கசற்றின் கூட்டைத் திறந்து எங்கள் ரேப்பை அதற்குள் மாற்றிவிட்டார். பிறகு ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவை ஒவ்வொரு கசற்றுக்கும் தனித்தனியாகத் திருப்பிச் சரிபார்த்தார். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கசற் பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வைத்துப் போட்டால்தான் மேல் ஸ்தாயிச் சத்தங்கள், கிற்றார் நரம்பைத் தட்டும் அந்தக் கூர்மை, திரும்ப வரும்.

அடுத்தது வேகம். கசற் ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தால் பாட்டு மெதுவாகும். அவரிடம் 3,000 ஹேர்ட்ஸ் சத்தம் பதிந்த ஒரு சோதனைக் கசற் இருக்கிறது, அதைப் போட்டுத் தன் டெக்கைச் சரியாக வைத்திருக்கிறார். ஆனால் மாமா பதிந்த மெஷினே பிழையான வேகத்தில் ஓடியிருந்தால் டெக் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை. அதற்குக் கடையில் ஒரு கிற்றார் வைத்திருக்கிறார், பாட்டோடு சேர்த்து மீட்டிப் பார்க்கிறார், இரண்டும் ஒட்டாவிட்டால் கணினியில் வேகத்தைத் திருத்துகிறார். எங்கள் மூன்றாவது கசற்றை அப்படித்தான் கொஞ்சம் கூட்டினார். வீட்டில் போட்டுக் கேட்டபோது பாட்டு நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியது. எனக்கு முதலில் ஏதோ பிழை போலப் பட்டது. அம்மா சிரித்துவிட்டு, “அதுதான் பிள்ளை சரியான வேகம், நீங்கள் சுத்தினதுதான் மெதுவு” என்றார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன வருடம் வேறு ஊரில் ஒரு கடையில் இதே மாதிரி ஒரு கசற்றைக் கொடுத்தேன். அவர்கள் இரைச்சலை எடுக்கிறோம் என்று எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டார்கள், தாளமும் சேர்ந்து போய்விட்டது. பைலாத் தாளம் இல்லாமல் இந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது? பைலா என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ஆறுக்கு எட்டு என்று உருளும் அந்த நடை காலைச் சும்மா இருக்க விடாது. கரையோரச் சிங்களக் கலியாண வீடுகளில் பாடப்பட்ட அந்த நடையைத் தமிழ்ச் சொல்லுக்குள் கொண்டுவந்து, நடுவில் சிங்களத்தையும் விட்டுப் பாடியதால்தான் எழுபதுகளில் அது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரே நேரத்தில் பிடித்தது. கிளிநொச்சி அண்ணை இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவிட்டார், “அதை எடுத்தால் கொங்கா மேளமும் போகும்” என்றார். அவர் செய்தது சரி.

இப்போது அந்தக் குறை. பென்ட்ரைவைத் திறந்தால் நான்கு கோப்புறையிலும் “மனோகரன் ஹிட்ஸ் 1, 2, 3, 4” என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் வைத்திருந்தார், பாடியவர் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஏ. ஈ. மனோகரன். அம்மா மூன்றாவது பாட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். “இது மனோகரன்ர குரல் இல்லை, நித்தியின்ர. ஆர் இப்பிடி எழுதினது?”

அம்மாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. மனோகரன் பெரிய ஆள், அதில் சந்தேகம் இல்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த அந்தச் சிங்களப் பாட்டைக் கடல் கடந்து கொண்டுபோனவர் அவர், 1977இல் இளையராஜாவின் இசையில் ஒரு தமிழ்நாட்டுப் படத்துக்குள்ளும் அது போய்விட்டது. 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார், பிறகு சென்னையிலேயே இருந்து 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். ஆனால் சின்ன மாமியிடம் மகளைக் கேட்கும் பாட்டும், கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லும் பாட்டும் நித்தி கனகரத்தினத்தினுடையவை. கிற்றாரோடு, யாழ்ப்பாணத்துப் பேச்சில், பக்கத்து வீட்டுப் பெடியன் மாதிரிப் பாடுவார். மனோகரனின் குரலில் மேடை இருக்கும், நித்தியின் குரலில் முற்றம் இருக்கும். திருகோணமலைப் பரமேஷ் இருவருக்கும் வேறு, அவர் பாடினால் ஆட்டம் குறைந்து ஏக்கம் கூடும். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டனி சிவானந்தன் என்று இன்னும் எத்தனை பேர். எல்லாரையும் ஒரு பெயருக்குள் போட்டு மூடினால் எழுபதுகளில் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான் பாடினார் என்று என் பிள்ளைகள் நினைப்பார்கள்.

திரும்பப் போய்ச் சொன்னேன். அண்ணை சண்டைக்கு வரவில்லை. “பிள்ளை, இஞ்ச கொண்டுவாற எல்லாரும் மனோகரன் பாட்டு எண்டுதான் தருவினம், நானும் அப்பிடியே போட்டிட்டன்” என்றார். நான் அம்மாவுக்கு அழைப்பு எடுத்து ஸ்பீக்கரில் விட்டேன். அவர் ஒவ்வொரு பாட்டாக முதல் சில வரிகளைப் போட, அம்மா அடுப்படியிலிருந்து குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல, முக்கால் மணித்தியாலம் இருந்து எல்லாவற்றையும் திருத்தினார். இடையில் அயன்பொக்ஸ் எடுக்க வந்த ஒரு ஐயாவும் நின்று இரண்டு பாட்டுக்குப் பெயர் சொன்னார், ஒன்றில் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை, திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு “அக்கா சொல்லுறதுதான் சரி” என்று ஏற்றுக்கொண்டார். இதற்கு அண்ணை மேலதிகமாகக் காசு வாங்கவில்லை.

காசு என்று பார்த்தால் ஒரு கசற்றுக்கு 600 ரூபா, நான்குக்கும் 2,400. கூடு மாற்றியதற்குத் தனியாக எதுவும் இல்லை. பென்ட்ரைவ் நீங்கள் கொண்டுபோகவேண்டும். கேட்காவிட்டால் எம்பி3 ஆகத்தான் தருவார்கள், சத்தத்தைச் சுருக்காத வேவ் ஆகவும் தரச் சொல்லிக் கேளுங்கள், ஒரு மணித்தியாலக் கசற்றுக்குக் கிட்டத்தட்ட 600 எம்பி வரும், அதனால் 8 ஜிபி பென்ட்ரைவ் தாராளம். கொடுக்கும்போதே எந்தப் பாட்டு யார் பாடியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கசற்றைப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி வைத்திருப்பவர்கள் வெளியே எடுத்துவிடுங்கள், எங்கள் பூஞ்சணம் அதனால் வந்ததுதான் என்று அண்ணை சொன்னார்.

சின்னம்மா போன ஞாயிறு வவுனியாவிலிருந்து அழைத்தார். அலுமாரியில் இன்னும் இரண்டு கசற் கிடக்கிறதாம், ஒன்றில் மாமாவின் கையெழுத்தில் “நித்தி” என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். இந்த முறை அவராகவே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அம்மா நம்பவில்லை, வெள்ளிக்கிழமை என்னைப் போய் எடுத்துவரச் சொல்லிவிட்டார்.