மூன்று உலகம், ஒரே விதிப்புத்தகம்: சாவேஜ் வேர்ல்ட்ஸ் பல வருடம் ஆடிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் புதிதாக ரோல்பிளே குழு (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் குழு) தொடங்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியா விதிப்புத்தகம் வாங்கணுமா, இல்ல ஒண்ணையே வெச்சு எல்லாத்தையும் ஓட்டிடலாமா?" நியாயமான கேள்வி. இந்தப் புத்தகங்களுக்கு விலை டாலரில். ராண்டுக்கு மாற்றி அனுப்பும் செலவையும் சேர்த்தால் ஒன்று வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் குழு சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற விதிப்புத்தகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு உலகங்களில் ஆடியிருக்கிறது. பதிலை அவருக்குத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாவது உலகத்தில் அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஏற்பட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பகடையில் 4 வந்தால் வெற்றி, உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம், நாயகர்களுக்குக் கூடவே வைல்ட் டை என்ற ஒரு ஆறு முகக் கூடுதல் பகடை, ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று பென்னி (benny; காசு இல்லை, ஆபத்தில் கொடுத்துத் தப்பிக்க உதவும் டோக்கன்). அடிப்படை விதிகள் இவ்வளவுதான். இந்த விதிகளே ஒரு உலகத்திலிருந்து பிரித்து எடுத்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் வந்த டெட்லேண்ட்ஸ் என்ற கௌபாய் திகில் விளையாட்டின் வழியில் வளர்ந்து, 2003-ல் 'எந்த உலகத்துக்கும் பொருந்தும்' என்று தனியாக வெளிவந்தவை. துப்பாக்கிச் சண்டைக்குப் பிறந்த விதிகள். இது பின்னால் தேவைப்படும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். சண்டையில் யார் முந்தி என்பதைத் தீர்மானிக்க இந்த ஆட்டத்தில் சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சீட்டு, ஏஸ் முதலில், இரண்டு கடைசியில். ஜோக்கர் வந்தவர் நினைத்த நேரத்தில் குறுக்கே புகலாம், அவர் உருட்டுவதற்கெல்லாம் +2, போதாததற்கு ஆடுபவர் எல்லோருக்கும் ஒரு பென்னி. டர்பனில் வளர்ந்த ஒரு கூட்டத்தின் கையில் சீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இதை எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் வீடுகளில் கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் உட்கார்ந்தால் துனி என்ற சீட்டாட்டம்தான். விதிப்புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காத மாமா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். டிராகனோ விண்கலமோ அவருக்கு ஒன்றுதான். சீட்டு விழ ஆரம்பித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

துனிக்கு 24 சீட்டு போதும். ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி. மற்றவை கட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நாங்கள் முதலில் வீட்டிலிருந்த பழைய துனிக் கட்டையே முழுதாகக் கலந்து ஆடினோம். ஜாக்கும் ஒன்பதும் ஓரம் கறுத்து, மூலை மடிந்து, தொட்டாலே துணி மாதிரி இருந்தன. இரண்டும் மூன்றும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மொடமொடப்பு மாறாமல் இருந்தன. கவிழ்த்து வைத்த சீட்டைப் பார்த்தே "இது சின்னது" என்று மாமா சொல்லிவிடுவார். புதுக் கட்டு வாங்க வேண்டியதாயிற்று. கட்டு மாறியும் பழக்கம் மாறவில்லை. துனியில் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் வெறும் 11. ஜாக் விழுந்தவர் இன்றும் கையைத் தூக்கிக்கொண்டு முதலில் பேச ஆரம்பிப்பார், "இங்கே ராஜாவுக்கும் ராணிக்கும் பின்னாடிதான் நீங்க" என்று நான் சொல்ல வேண்டும். அதுவும் சேர்ந்துதான் எங்கள் ஆட்டம். மூன்று உலகத்திலும் ஒரு நாளும் சலிக்காத விதி இது.

முதல் இரண்டு உலகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாளும் மந்திரமும் உள்ள ஒரு நாடு, பிறகு விண்கற்களில் சுரங்கம் தோண்டும் ஒரு கப்பல். வாளை வைத்துவிட்டு லேசர் எடுத்தோம், குதிரைக்குப் பதில் கலம் ஓட்டும் திறமையை எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். யாரும் புதிதாக எதையும் படிக்கவில்லை. மாமா போன்றவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஒரே விதியை மறுபடி மறுபடி பயன்படுத்துவதன் பெரிய லாபம் பணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஞாபகம். "நாலு வந்தா ஜெயிச்சாச்சு" என்று ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால் போதும், அதன் பிறகு மேசையில் எல்லோரும் கதையைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாவது உலகம் எங்கள் ஊர். நேட்டாலின் கரும்புத் தோட்டம், 1870-கள்.

இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் உட்காரும் பெரும்பாலோரின் குடும்பம் அந்தக் கப்பல்கள் ஏதோ ஒன்றில் வந்ததுதான். டிராகனை வெட்டியது போதும், நம் கதையை ஆடுவோம் என்றேன். எல்லோரும் உடனே சரி என்றார்கள். விதிப்புத்தகம் கையில் இருக்கிறது, அட்டையிலேயே எந்த உலகத்துக்கும் பொருந்தும் என்கிறது, வேறென்ன வேண்டும்?

குழுவில் ஒரு அக்கா, வட ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணாக ஆடினார். அந்தப் பெண்ணின் கூலியில் 'இரட்டை வெட்டு' விழுந்திருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் வழக்கம் அன்றைய நேட்டால் தோட்டங்களில் இருந்தது. காய்ச்சலில் படுத்ததற்கு வெட்டு. 1872 விசாரணைக் குழுவுக்குப் பிறகு இந்தியக் குடியேறிகளுக்கென்று பாதுகாவலர் என்ற பதவி உருவாகியிருந்தது. அவரிடம் முறையிட, அனுமதிச் சீட்டு இல்லாமல் இருட்டில் புறப்படுகிறாள். கரும்பு வரிசைக்கு நடுவே சர்தார், அதாவது கூலிகளை மேய்க்கும் மேற்பார்வையாளன், மறிக்கிறான். மேசையில் யாரும் பேசவில்லை. என்ன சொல்லித் தப்பிப்பாள், காலில் விழுவாளா, காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுப்பாளா என்று நான் காத்திருக்கிறேன்.

அக்கா கத்தியால் வெட்டுகிறேன் என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவர் கையில் இருந்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது அதுதான். வெட்டு பட்டது, எவ்வளவு சேதம் என்று உருட்டினார். நாலு முகப் பகடை 4, மறுபடி 4, பிறகு 3. ஆறு முகப் பகடை 6, பிறகு 2. மொத்தம் 19. சர்தாரின் தாங்குதிறன் 5. பேர் வைக்காத துணைப் பாத்திரம் ஒரே காயத்தில் விழ வேண்டும் என்பது விதி. விழுந்தான். மேசையே ஆரவாரம் செய்தது, மாமா எழுந்து நின்று கைதட்டினார். அதோடு அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. கூலிக் கணக்கு கேட்கப் போனவள் கொலைகாரியாகி ஓடுகிறாள். அடுத்து வரவேண்டியதெல்லாம் துரத்தல், ஒளிதல், இன்னொரு வெட்டு. வந்தது டெட்லேண்ட்ஸ், கரும்புக்கு நடுவே.

உச்ச எண் விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டும் 'வெடிக்கும் பகடை' என்ற இந்த விதிதான் என் தீராத எரிச்சல். குகைக்குள் பூதத்தின் மேல் இது வெடித்தபோது நானும் கத்தியவன்தான். அதே வெடிப்பு இங்கே கதையைத் தின்றுவிட்டது. கணக்கிலும் இதில் ஒரு கோணல் உண்டு. ஒற்றைப் பகடையில் இலக்கு 6 என்று வையுங்கள். ஆறு முகப் பகடைக்கு வாய்ப்பு ஆறில் ஒன்று, அதாவது 16.7 சதவீதம். நாலு முகப் பகடை முதலில் 4 விழுந்து, அடுத்து 2-க்குக் குறையாமல் விழ வேண்டும், 18.75 சதவீதம். பலவீனமானவனுக்கு வாய்ப்பு கூட! சாகசக் கதையில் யாரும் இதைக் கவனிக்கப்போவதில்லை. ஒவ்வொரு ஷில்லிங்கும் எண்ணப்படும் உலகத்தில் இது உறுத்துகிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், புத்தகம் இதற்கு வழியே சொல்லாமல் விடவில்லை. உலகத்துக்கு ஏற்றபடி சேர்க்கவும் நீக்கவும் தனி விதிகள் ஒரு பகுதி முழுக்க இருக்கின்றன. காயங்களைக் கடுமையாக்கும் விதியைப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் சண்டைக்குப் பயந்தார்கள். பயந்து என்ன செய்வது என்பதற்கு மட்டும் விதி வரவில்லை. அடுத்து, குறிப்பிட்ட சுற்றுகளுக்குள் குறிப்பிட்ட அளவு டோக்கன் சேர்க்க வேண்டிய 'நாடகப் பணி' விதியை எடுத்தோம். இன்னொரு பாத்திரம் அதே பாதுகாவலரைத் தேடிப் போகும் பயணத்தை அதில் ஆடினோம். மறுபடி சீட்டு. க்ளாவர் விழுந்தால் சிக்கல், உருட்டுவதில் 2 குறையும். க்ளாவர் வரும்போதெல்லாம் பாதையில் ஒரு போலீஸ்காரன் அனுமதிச் சீட்டு கேட்டான். அந்த ஒரு மாலையில் இந்த விதிகள் எங்கள் கதைக்கு முழுசாக வேலை செய்தன. அதை மறுத்தால் நான் பொய்யன்.

ஆனால் பென்னி இருக்கிறதே! கூலிக் கணக்கை நான் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வந்தேன். முதல் வருடம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. 10 ஷில்லிங் என்றால் 120 பென்ஸ். மாதம் 26 வேலைநாள் என்று வைத்தால் ஒரு நாளுக்கு நாலரைப் பென்ஸ் சொச்சம், ஒரு நாள் படுத்தால் வெட்டு ஒன்பது பென்ஸுக்கு மேல். மூன்று நாள் காய்ச்சலில் இரண்டரை ஷில்லிங்குக்குக் கிட்ட வந்துவிட்டது என்று நான் கழித்துக் காட்டியபோது மேசையில் ஒருவர் முகம் மாறியது. எந்தப் பகடையும் அந்த முகத்தை எனக்குக் கொடுத்ததில்லை. உடனே அவர் கேட்டார், "என்கிட்ட ரெண்டு பென்னி இருக்கே, ஒண்ணைக் குடுத்து இந்த வெட்டை அழிச்சுக்கலாமா?"

"முடியாது தம்பி."

"ஏன்? கத்திக்குத்தையே இதை வெச்சுத் தாங்கிக்கலாம்னு புத்தகத்துல இருக்கு. ஒன்பது பென்ஸுக்கு முடியாதா?"

அவர் கேட்டது சரி. விதிப்படி பென்னி கொடுத்தால் மறுபடி உருட்டலாம், காயத்தைத் தவிர்க்கப் பார்க்கலாம், கதை நடத்துபவர் ஒப்புக்கொண்டால் கதையையே கொஞ்சம் வளைக்கலாம். நாயகனுக்கு எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. என் உலகத்திலோ எல்லாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டுச் சமாளிக்க முடியாது. பென்னியை எடுத்துவிட்டால் மற்ற விதிகள் நிற்காது, வெடிக்கும் பகடையிலிருந்து நாயகர்களைக் காப்பாற்றுவதே பென்னிதான்.

வேறு வழியில் இதைச் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 1978-ல் ரூன்குவெஸ்ட் என்ற ரோல்பிளே விளையாட்டு வந்தது. அதன் எந்திரத்தை, அதாவது அடிப்படை விதிகளை, மட்டும் கழற்றி 1980-ல் பேஸிக் ரோல்பிளேயிங் என்று 16 பக்கச் சிறுநூலாக்கினார்கள். அடுத்த வருடமே அதே எந்திரத்தில் கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டு. வெண்கலக் கால வீரர்களுக்கு எழுதிய விதியை 1920-களின் பேராசிரியர்களுக்கு மாற்றும்போது அவர்கள் வெறும் ஆயுதப் பட்டியலோடு நிறுத்தவில்லை. மனத்தெளிவு என்று ஒரு எண்ணைப் புதிதாகச் சேர்த்தார்கள், ஆட்டம் போகப்போக அது கரைந்துகொண்டே போகும். அந்த உலகம் மனிதனை எங்கே அரிக்கிறதோ அங்கே ஒரு எண். 1985-ல் வந்த, ஆர்தர் மன்னர் காலத்து வீரர்களை ஆடும் பென்ட்ராகனும் அதே மரபில் வந்து, குணங்களுக்கும் பற்றுகளுக்கும் எண் கொடுத்தது. விதிகளை மறுபடி பயன்படுத்துவது என்றால் எனக்கு இதுதான். சாவேஜ் வேர்ல்ட்ஸில் புதிதாக எதைச் சேர்த்தாலும் பென்னி வந்து துடைத்துவிடுகிறது.

ஆக, தம்பி, வாங்கலாமா? கணக்குப் பார்த்தால் நான் மேலே பாராட்டியதுதான் அதிகம். காட்டுக்குள் புதையல், விண்வெளி, கொள்ளையர், பேய் என்று எது ஆடுவதாக இருந்தாலும் இதைவிடச் சுலபமான விதி எனக்குத் தெரியாது, பெரியவர்களையும் உட்கார வைத்துவிடலாம். ஆனால் நீங்கள் என்னிடம் ஆசையாகச் சொன்னது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில்வேயில் வேலை செய்த உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கதையை. அதற்கு வேண்டாம். பணம் போடாதீர்கள். என் பிரதியை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், எனக்கு இப்போதைக்கு அதைத் திறக்க மனமில்லை.

கரும்புத் தோட்டத்தை நாங்கள் பேஸிக் ரோல்பிளேயிங்குக்கு மாற்றுகிறோம். 2023-ல் வந்த பதிப்பைத் திறந்த உரிமத்தில் விட்டிருக்கிறார்கள், எங்களுக்கு வேண்டிய விதியை எழுதிச் சேர்த்து மற்ற குழுக்களுக்கும் கொடுக்கலாம். கூலி நோட்டு அதில் விதியாகவே ஏறும், கடன் என்ற எண் ஒவ்வொரு பாத்திரத் தாளிலும் உடல்வலிமைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சீட்டுக்கட்டை மட்டும் விடமாட்டோம். அங்கேயும் முந்துவது சீட்டால்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. வரிசையும் மாமா சொன்னபடிதான்: ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி.