சிங்கப்பிடரிக் காளான் தூள்: மூன்று மாதம் குடித்த பிறகு

எனக்கு 68 வயது. தெரிந்தவர்களின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. ஞாபகசக்திக்கும் மனத்தெளிவுக்கும் நல்லது என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பி, லயன்ஸ் மேன் என்று விற்கப்படும் சிங்கப்பிடரிக் காளான் தூளை வாங்கினேன். தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி, வெந்நீரில்.

முதல் நாளே உறுத்தியது. வெந்நீர் பட்டதும் கஞ்சிபோலக் கெட்டியானது. காளான் வாசனையே இல்லை. பல வருடம் வேதியியல் கற்பித்தவள் நான்; மூன்றாவது மாதம்தான் அந்தப் புத்தி வேலை செய்தது. ஒரு சிட்டிகைத் தூளை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, டிஞ்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். மை கொட்டியதுபோல் கருநீலமாகிவிட்டது. அது மாவுச்சத்து காட்டும் நிறம். சிப்பிக் காளானை வேகவைத்த நீரில் அதையே செய்தேன். வெறும் பழுப்புதான், நீலம் இல்லை. காளான் தன்னுள் மாவுச்சத்தைச் சேர்த்துவைப்பதில்லை. காளானுக்கு அடியில் வேர்போலப் பரவும் பூசண இழையைத் தானியத்தில் வளர்த்து, தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதும் உண்டு. இது காளானா, இழையா என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. எழுதிக் கேட்டேன், ‘முற்றிலும் இயற்கையானது’ என்று பதில் வந்தது. மறதிக்குப் பயந்து வாங்குகிறவர்களுக்கு இது பதிலே அல்ல.

காளானை நான் குறை சொல்லவில்லை. 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், லேசான மறதி இருந்த 50 முதல் 80 வயதுவரையான 30 பேரில் ஒரு பாதியினர் இதே காளானின் தூளை நாளுக்கு 3 கிராம், 16 வாரம் சாப்பிட்டார்கள். அறிவாற்றல் சோதனையில் அவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, நிறுத்திய நான்கே வாரத்தில் இறங்கியது. சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்த 663 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதோ சாதாரணச் சமையல் காளானைப் பற்றியது: வாரம் இரண்டு பரிமாறலுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு, வாரம் ஒரு முறைகூடச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். காளான்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் என்று கருதப்படும் எர்கோதியோனின் என்ற பொருளை நம் உடல் தானாகத் தயாரிப்பதில்லை, காளானில் அது நிறைய உண்டு என்பது எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

தூளால் ஞாபகத்திலோ மனநிலையிலோ மாற்றம் எதையும் நான் உணரவில்லை. ஐந்துக்கு ஒன்றுதான் கொடுப்பேன். இப்போது வாரம் மூன்று நாள் சிப்பிக் காளான். கணவர் அதை நார்வாக்கில் கிழித்துத் தருகிறார். எண்ணெய் விடாமல் சூடான வாணலியில் போட்டால் முதலில் நீர் விட்டு, அது வற்றியதும் ஓரங்கள் பொன்னிறமாகச் சுருள்கின்றன. உப்பை அதன் பிறகுதான் போடுகிறேன்.