185,000 ரூபா போனது: வாடிக்கையாளர் விபர மென்பொருள் வாங்கப்போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. ஹட்டனில் தேயிலைத்தூள் பொதி செய்து விற்கிற சிறு வியாபாரிக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆத்திரம் அடங்குமுன் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நாளைக்கு ஆறிப்போனால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன். அந்த நினைப்பில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

பெயர் எழுதப்போவதில்லை. கொழும்பில் தலைமையகம், கண்டியில் ஒரு சிறு கிளை, கடை கடையாக ஆள் அனுப்பி வாடிக்கையாளர் விபர மென்பொருள் விற்கிற வகையான நிறுவனம். அவ்வளவு போதும்.

எங்களிடம் ஏறத்தாழ மூவாயிரம் வாடிக்கையாளர்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எங்கள் தூளை எடுக்கிற கடைகள், கொழும்பில் தபாலில் வாங்குகிற வீடுகள், இந்தப் பக்கத்துச் சில்லறைக் கடைகள். பாதி கொப்பிகளில் இருந்தது. மீதி, என் தம்பி பாமினியில் (ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டுகிற பழைய எழுத்துரு) தட்டிவைத்த எக்செல் கோப்பில். யார் மூன்று மாதமாக வாங்கவில்லை, யாருடைய கடன் நிலுவை கூடிவிட்டது, தூள் தரங்களில் யார் பி.ஓ.பி.எஃப். எடுக்கிறவர், யார் டஸ்ட் மட்டும் எடுக்கிறவர் என்று நொடியில் பிரித்துப் பார்க்க முடிந்தால் நல்லதுதானே. எங்கள் திம்புள்ளப் பகுதித் தூளுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தரம் உச்சத்தில் இருக்கும். அந்த வாரங்களில் சரியான கடைக்குச் சரியான நேரத்தில் சொன்னவர்தான் விற்பார்.

வந்த பையன் நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான். கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் என்றான், அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார் என்றான். மடிக்கணினியைத் திறந்து, பட்டியலில் ‘கொட்டகலை’ என்று வடிகட்டினான். கொட்டகலைக் கடைகள் மட்டும் வந்து நின்றன. நிலுவை நிரலின் தலைப்பை அழுத்தினான். பெரிய கடன்காரர் மேலே, சிறியவர் கீழே. “அக்கா, இனிக் கொப்பியை எல்லாம் அடுப்பில் போடுங்கள்” என்றான். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். கண்முன்னால் வேலை செய்கிறதே.

அதற்குள் இருந்தது அவர்கள் தாங்களே தயாரித்து வைத்திருந்த மாதிரிப் பட்டியல் என்பதை அவன் சொல்லவில்லை. ஊர்ப்பெயர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில், திகதிகள் ஒரே வடிவில், தொகைகள் சுத்தமான எண்களாக. அப்படிப் பட்டியல் கொடுத்தால் எந்த மென்பொருளும் அழகாகத்தான் ஆடும்.

185,000 ரூபாவில் ஒரு வருடச் சந்தாவும் இருந்தது, “தரவு சுத்திகரிப்பும் ஏற்றுதலும்” என்று ஒரு வரியும் இருந்தது. பற்றுச்சீட்டில் அச்சடித்தே இருக்கிறது. பாமினியை யுனிகோடாக மாற்றுவது, ஊர்ப்பெயர்களை ஒன்றாக்குவது, இரட்டைப் பதிவுகளைச் சேர்ப்பது எல்லாம் தங்கள் பொறுப்பு என்று வாயாலும் சொன்னார்கள். முழுத்தொகையும் முற்பணமாக வங்கியில் போட்டேன். கொப்பிகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு திறந்து பார்த்தேன்.

நிலுவையை இறங்குவரிசையில் போட்டால் முதலில் 9,500. அடுத்து 9,250. அதற்குக் கீழே 85,000. அதற்கும் கீழே 8,400. எனக்கு 120,000 ரூபா தரவேண்டிய கடை அடிமட்டத்தில், யாருக்கும் தெரியாத மூலையில். தொகை நிரலை எண்ணாக அல்ல, எழுத்தாக ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தாக ஏற்றினால் மென்பொருள் முழுத்தொகையைப் பார்க்காமல் முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, 9 பெரியது, 1 சிறியது என்று அடுக்கிவிடும். எழுத்தாக வைக்கவேண்டிய தொலைபேசி இலக்கத்தையோ எண்ணாக ஏற்றி, முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிட்டார்கள். 077 என்று தேடினால் ஒருவரும் இல்லை. ஒரே ஆள் +94 உடன் ஒரு பதிவு, பூச்சியம் இழந்த இலக்கத்துடன் இன்னொரு பதிவு.

திகதி இன்னும் மோசம். நாங்கள் முதலில் நாள், பிறகு மாதம் என்று எழுதுகிறவர்கள். அது மாதத்தை முதலில் வாசித்திருக்கிறது. பெப்ரவரி 4ஆம் திகதி தூள் எடுத்த கடை, ஏப்ரல் 2ஆம் திகதி எடுத்ததாகக் காட்டுகிறது. ஏப்ரல் இன்னும் வரவே இல்லை! 12க்கு மேற்பட்ட நாட்களுக்கு மாதம் கிடையாதே, அந்த இடங்களை வெறுமையாக விட்டுவிட்டது. ‘90 நாட்களுக்கு மேல் வாங்காதவர்’ என்று வடிகட்டினால் வெறுமையான பதிவுகள் அந்தப் பட்டியலுக்கே வருவதில்லை. யாரைத் தேடுகிறேனோ அவர்களே காணாமல் போகிறார்கள்.

ஊரும் அப்படித்தான். ஹட்டன் என்று ஒரு கூட்டம், அட்டன் என்று ஒரு கூட்டம், ஆங்கிலத்தில் எழுதியது ஒரு கூட்டம், பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிய ஹட்டன் இன்னொரு கூட்டம். ‘சமம்’ என்று வடிகட்டினால் ஒன்று வரும், மூன்று போய்விடும். பாமினிப் பெயர்களோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகவே கிடக்கின்றன. அகரவரிசை கேட்டால் மகேஸ்வரி அமுதாவுக்கு முன்னால் வருகிறார், ஏனென்றால் பாமினியில் மகரத்துக்கு உள்ள ஆங்கில விசை அகரத்துக்கு உள்ள விசைக்கு முந்தியது. இதற்குப் பெயர் சுத்திகரிப்பாம்.

அழைத்தேன். “அக்கா, அது தரவின் பிரச்சினை, மென்பொருளின் பிரச்சினை இல்லை” என்றான் மென்பொருள் விற்க வந்த அந்தத் தம்பி. தரவை ஏற்றியது யார் தம்பி என்று கேட்டேன். வேறு பிரிவு என்றான். வேறு பிரிவு முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தந்தது. அந்த இலக்கத்தைச் சொல்லி மறுபடி அழைத்தால் இன்னொரு முறைப்பாட்டு இலக்கம். கண்டிக் கிளையில் உள்ளவர் எப்போதும் கூட்டத்தில். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது. ஒரு தடவை மேலாளர் ஒருவர் மிக மரியாதையாகப் பேசி, ‘கொட்டகலை அல்லது தலவாக்கலை’ என்று இரண்டு ஊரைச் சேர்த்து வடிகட்டும் வசதி நான் வாங்கிய மென்பொருள் பொதியில் இல்லை, மேல்நிலைப் பொதிக்கு மாறினால் எல்லாம் சரியாகும், மேலும் 60,000 ரூபாதான் என்றார். ஏமாந்தவளிடமே மறுபடி பணப்பையைத் திறக்கச் சொல்கிற துணிச்சலை என்னவென்பது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. மொத்தமாக வாங்குகிற கடைகளுக்கு மட்டும் பி.ஓ.பி.எஃப். தள்ளுபடி விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். அந்தத் தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். மொத்த வியாபாரிகளை வடிகட்டினேன், திரையில் ஐம்பது பேர், மேலே உள்ள பெட்டியில் சரி போட்டேன், ‘அனைவருக்கும் அனுப்பு’ என்றான், அனுப்பினேன். போனது அந்த ஐம்பது பேருக்கு அல்ல. மூவாயிரம் பேரின் பட்டியலுக்கும்! வடிகட்டல் திரைக்கு மட்டும்தானாம், அனுப்புகிற கட்டளை முழுப்பட்டியலையும் எடுக்குமாம். பிறகுதான் சொல்கிறான். இலக்கம் கெட்டவர்களுக்குப் போகவில்லை, அதுதான் ஒரே ஆறுதல். சில்லறை விலைக்கு இவ்வளவு காலமும் வாங்கியவர்கள் கடைக்கு வந்து, “இந்த விலைக்குத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறீர்களா, எங்களிடம் ஏன் இப்படி?” என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நோர்வூட் கடைக்கார ஐயா பத்து வருடப் பழக்கம். தூளை வேறு இடத்தில் எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு எந்த நிறுவனம் பற்றுச்சீட்டு தரும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒப்பந்தத்தில் திருப்பித்தரும் வாசகம் இல்லையாம். சரி, என் பட்டியலையாவது கொடுங்கள் என்றேன். தரவுப் பதிவிறக்கத்துக்கு 15,000 ரூபா தனிக் கட்டணம். என் வாடிக்கையாளர்கள், என் கொப்பி, என் தம்பியின் தட்டச்சு. அதை எனக்கே விற்கிறார்கள்! 185,000 கொடுத்த பிறகு.

நல்ல மென்பொருளே இல்லை என்று சொல்லவரவில்லை. இருக்கிறது. வாங்குகிறவர்களுக்காக விரிவாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், ஆத்திரத்தில் பாதி இடம் போய்விட்டது. அவசரமாகச் சொல்கிறேன். அவர்களுடைய மாதிரிப் பட்டியலில் செய்துகாட்டினால் பார்க்க வேண்டாம், உங்கள் கொப்பியிலிருந்து நூறு பெயரைக் கொடுத்து அதை வடிகட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொகையை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் போடச் சொல்லுங்கள், 9,500 எங்கே, 120,000 எங்கே என்று பாருங்கள். திகதி வெறுமையாக உள்ளவர்களைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வடிகட்டிய பிறகு அனுப்பினாலோ அழித்தாலோ அது யாருக்குப் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். வருடச் சந்தா வேண்டாம், மாதம் மாதம் கட்டுங்கள். பட்டியலை இலவசமாக வெளியே எடுக்க முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறேன். இதே நிறுவனத்திடம் மாட்டியவர்கள் பண்டாரவளையிலோ நாவலப்பிட்டியிலோ இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுக்கலாம். கொப்பியை நல்லவேளையாக அடுப்பில் போடவில்லை, இன்று மாலைக்குள் யாழ்ப்பாண லொறிக்குப் பொதி ஏற்ற வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.