எச்சிலில் ஸ்ட்ரெஸ் பார்க்கும் கிட்: 5க்கு 2

"மன அழுத்தம் உங்கள் மரபணுவில் எழுதிவைத்ததைப் படித்துச் சொல்கிறோம்" என்று ஒரு விளம்பரம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற டென்ஷனில் இருந்த நானும் 12,000 ரூபாய் கட்டிவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

பார்சல் மூன்றே நாளில் வந்தது, பேக்கிங் அருமை. அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, குழாயில் கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராதாம். வாய் வறண்டுபோய், கடைசியில் புளியங்காயை நினைத்து நினைத்துத்தான் நிரப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து ரிப்போர்ட். எஃப்கேபிபி5 என்ற மரபணுவில் மெத்தில் (மரபணுமேல் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அதன் வேலையை அடக்கிவைக்கும் சிறு வேதி ஒட்டு) குறைவு, 'அண்மைக்கால அழுத்தம் அதிகம்' என்று சிவப்பில். அதற்குக் கீழேயே அவர்களுடைய அமுக்கரா மாத்திரைக்கு 'வாங்க' பட்டன்! அங்கேதான் சந்தேகம் தட்டியது.

மரபணு என்னவோ நிஜம்தான். அழுத்த ஹார்மோனான கார்டிசால் செல்லுக்குள் போய், தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து இந்த மரபணுவின்மேல் நேராகவே உட்காருகிறது. அந்த இடத்தில் மெத்தில் ஒட்டுகள் உதிர்ந்துவிட்டால், ஹார்மோன் இறங்கிப் பல வருஷம் ஆன பிறகும் அடுத்த அழுத்தத்துக்கு மரபணு கூடுதலாகத் துள்ளும். ஆனால் ம்யூனிக்கின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2013இல் இதைக் காட்டியது சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களிடம், அதிலும் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களிடம். வளர்ந்த பிறகு பட்ட அடிக்கு அந்தத் தடம் இல்லை. மூளைச் செல்களை வளர்த்துப் பார்த்தபோதும், முதிர்வதற்கு முன்பு கார்டிசால் போன்ற மருந்து பட்டால்தான் தடம் நின்றது. அப்படியிருக்க, நாற்பதை நெருங்கும் எனக்குப் போன மாத டென்ஷன் இதில் எப்படித் தெரியும்?

பெட்டிமேல் தாயெலி குட்டியை நக்கும் படம் வேறு. தாய் அதிகம் நக்கி வளர்த்த எலிக்குட்டிகளுக்கு மெத்தில் அளவு மாறுவதைக் காட்டிய, மான்ட்ரியால் மெகில் பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வை நினைத்துப் போட்டிருப்பார்கள் போல. அங்கே எலியின் மூளையை எடுத்துப் பார்த்தார்கள் சார், எச்சிலை அல்ல. எச்சிலில் வெள்ளையணுவும் கன்னத்தின் உட்புறச் செல்லும் கலந்து கிடக்கும். இரண்டுக்கும் மெத்தில் அளவு வேறு, அன்றைக்கு எது அதிகம் விழுந்ததோ அதற்கேற்ப நம்பரும் ஆடும்.

பேக்கிங்குக்கு ஒன்று, சொன்ன தேதியில் ரிப்போர்ட் அனுப்பியதற்கு ஒன்று, ஆக இரண்டு ஸ்டார். செல் கலவையைக் கழித்துத்தான் கணக்குப் போட்டீர்களா என்று மெயில் அனுப்பினேன். பதிலுக்கு மாத்திரைக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்திருக்கிறது.