10 கிராம் ஓசோன் மெஷின்: இரண்டு வருட உபயோகத்துக்குப் பிறகு

சிகரெட் வாடை, எலி செத்த நாற்றம் (எலியை எடுத்துப் போட்ட பிறகுதான்), மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் முடைநாற்றம் ஆகிய மூன்றுக்கும், காற்றிலிருந்து ஓசோன் வாயுவை உண்டாக்கி வாடையைப் போக்கும் இந்த மெஷின் நன்றாகவே கேட்கிறது. பூஞ்சைக்கு வாங்காதீர்கள். வாடை போகும், ஆனால் சுவரில் ஈரம் இருக்கும்வரை பூஞ்சை திரும்ப வரும்.

பெட்டியில் போட்டிருக்கும் "மணிக்கு 10,000 மில்லிகிராம்" என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். ஒரு பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓசோன் என்றால் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மில்லிகிராம். மெஷின் முழு வேகத்தில் ஓடினால் இரண்டே நிமிடத்தில் அந்த அறை 5 பிபிஎம்மைத் தொடும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு அது. எட்டு மணி நேர வேலைக்கு அங்கே சட்டம் அனுமதிப்பது 0.1 பிபிஎம். மலிவு மெஷின்கள் பெட்டியில் போட்டதைக் கொடுப்பதில்லைதான். பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலும் அரை மணிக்குள் நிலைமை மோசமாகிவிடும்.

மூக்கை நம்பவே கூடாது. ஜெராக்ஸ் கடை வாடை போல முதலில் சுள்ளென்று தெரியும், சில நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். "வாடை இல்லையே" என்று உள்ளே உட்காருவது அப்போதுதான்.

ஓட்டும் முறை: ஆட்கள், பறவைக் கூண்டு, மீன் தொட்டி, செடி எல்லாம் வெளியே. எக்ஸ்டென்ஷன் வயரைக் கதவுக்கு வெளியே இழுத்து, சுவிட்சை வெளியிலேயே வையுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி திணியுங்கள். 20 நிமிடம் ஓட்டினால் போதும். அணைத்த பிறகு இரண்டு மணி நேரம் யாரும் போக வேண்டாம், அப்புறம் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன். நம் ஊரில் பெரிய வில்லன் பவர் கட். மெஷினை நேரம் பார்த்து அணைக்கும் மோட்டார் டைமர் கரண்ட் போனால் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். முடிந்துவிட்டது என்று உள்ளே போனவர் தலைமேல் மறுபடி ஆரம்பிக்கும். பிளக்கைப் பிடுங்காமல் கதவைத் திறக்காதீர்கள்.

எலுமிச்சை வாசனை லிக்விட், பைன் ஆயில் கலந்த வெள்ளை பினாயில் போட்டுத் துடைத்த அன்று ஓட்ட வேண்டாம். அந்த வாசனைப் பொருள் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். ரப்பரையும் ஓசோன் தின்னும். இழுத்து மாட்டிய ரப்பர் பேண்டை உற்றுப் பாருங்கள், இழுவைக்குக் குறுக்கே மயிரிழை விரிசல் விழுந்திருக்கும்.

கடலோர ஊர்களில் மெஷினுக்குள் ஓசோனை உண்டாக்கும் பிளேட்தான் தொல்லை. ஈரக்காற்றில் நைட்ரிக் அமிலம் உண்டாகி வெள்ளையாகப் பூத்துவிடும், ஓசோன் பாதியாகும். பிளக்கைப் பிடுங்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் மாட்டுங்கள். பாதி ஈரத்தில் போட்டால் தீப்பிடிக்கும். பிளேட்டில் விரிசல் விழுந்திருந்தால் புதுசு மாற்ற வேண்டியதுதான்.

யாராவது சுவாசித்துவிட்டால்: தொண்டை எரிச்சல், வறட்டு இருமல், ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சுவலி, தலைவலி. உடனே வெளிக்காற்றுக்கு வரச் சொல்லுங்கள், படியேற விடாதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்க உள்ளே ஓடாதீர்கள். வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டித்து ஜன்னலைத் திறக்க வழி பாருங்கள். என்95 முகக்கவசம் தூசைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரை உடனே எடுக்கலாம். மூச்சுத்திணறல் இருந்தால் 108. அதிகமாக இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனால் "இப்போ பரவாயில்லை" என்றாலும் தனியாகப் படுக்க விடாமல், ஆஸ்பத்திரியில் "ஓசோன் வாயு" என்று பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.